கணவர் வழி நிரந்தரவாசம்: நேர்காணலுக்குக் கூப்பிட்டால் என்ன செய்வது?

சிங்கப்பூரில் பிஆருக்கு (நிரந்தரவாசத்துக்கு) விண்ணப்பிக்கும் எல்லாரையும் நேர்காணலுக்கு அழைப்பதில்லை. என் தோழிகள் சிலருக்கு நேரே முடிவுதான் வந்தது. எங்களுக்குக் கடிதம் வந்தது. அன்று இரவு சோறு இறங்கவில்லை. போய்வந்த பிறகு, பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்தது. இடறியது ஒரே இடத்தில்தான், அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1. விண்ணப்பம்

கணவரின் சிங்பாஸில் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான கணக்கு) நுழைந்து இணையத்தில் செய்வது. ஆளுக்கு 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டணம், கிடைக்காவிட்டாலும் திரும்ப வராது. படிவத்தைத் திறந்தால் 7 நாளுக்குள் முடித்தாக வேண்டும். ஆகவே காகிதங்கள் எல்லாம் கைக்கு வந்தபிறகு திறங்கள். முடிவு வரப் பொதுவாக ஆறு மாதம்வரை ஆகும்.

2. பெயர் (இங்கேதான் நான் விழுந்தேன்)

ஊரில் எடுத்த பிறப்புச் சான்றில் என் பெயரே இல்லை, 'பெண் குழந்தை' என்று மட்டும் இருந்தது. மதிப்பெண் பட்டியலில் இன்ஷியல் முன்னால். திருமணச் சான்றில் பின்னால். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாகக் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில். நம்மூரில் இதை யாரும் கண்டுகொள்வதில்லை. நேர்காணலில் அதிகாரி பாஸ்போர்ட்டைக் காட்டி, "இந்த இன்னொரு ஆண் பெயர் யாருடையது? இதற்கு முன் திருமணம் ஆகியிருக்கிறதா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பா பெயர், எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்று விளக்கி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது.

உங்களுக்கு அந்த நிலை வேண்டாம். பிறப்புச் சான்றில் பெயர் சேர்க்கும் வேலையை முதலில் தொடங்குங்கள், அதற்குத்தான் நாள் பிடிக்கும். எனக்காக அப்பா நகராட்சிக்கு நாலு தடவை நடந்தார். அடுத்து, எல்லாப் பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன்னால் ஓர் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மொழிபெயர்ப்பிலும் இதே வம்புதான். சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் தமிழும் ஒன்று. ஆனாலும் தமிழ்ச் சான்றிதழோடு சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பும் கேட்பார்கள். நான் கொடுத்த கடையில் அப்பா பெயரைக் காதில் விழுந்தபடி எழுதிவிட்டார்கள். பாஸ்போர்ட்டில் ஓர் எழுத்துக்கூட்டு, இதில் வேறொன்று. அதனால் கடைக்குப் போகும்போதே பாஸ்போர்ட் நகலைக் கொடுத்துவிடுங்கள், வாங்கும்போது அங்கேயே நின்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

3. கோப்பு

என் கட்சி கிளியர் ஃபைல், அதாவது கண்ணாடித்தாள் உறைகள் வைத்த கோப்பு. ஓட்டை போடும் ஃபைல் வேண்டவே வேண்டாம், அசலில் ஓட்டை விழும். சான்றிதழ்களைக் கைப்பேசியில் படமெடுத்தால் விரல் நிழல் விழுகிறது, ஸ்கேனரில் எடுங்கள். குடும்பப் படங்கள் பத்துப் பதினைந்து போதும். முகூர்த்தப் படங்களை விட, தீபாவளிக்கு மாமியாரோடு முறுக்குப் பிழிந்த படம் பேசும்.

4. அன்றைய நாள்

லவண்டர் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்க வேண்டும். குடிநுழைவு ஆணையத்தின் (ஐசிஏ) புதிய சேவை நிலையம் 2025 ஏப்ரலில் கிராஃபர்ட் ஸ்திரீட்டில் திறந்தது. பழைய கட்டடம் பக்கத்திலேயே இருப்பதால் டாக்சி அங்கிள் எங்களை அங்கேதான் இறக்கிவிட்டார். கடிதத்தில் உள்ள முகவரியை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். நகலோடு அசலும் வேண்டும்.

5. கேள்விகள்

வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், கணவருக்கு என்ன வேலை, கல்யாணம் எங்கே நடந்தது. எல்லாம் தெரிந்தவைதான். "முதன்முதலில் எப்போது சந்தித்தீர்கள்?" என்பதில்தான் மாட்டினோம். அவர் என் அத்தை மகன். நான் "பிறந்ததிலிருந்தே தெரியும்" என்றேன். அவர் "நிச்சயதார்த்தத்துக்கு ஊருக்குப் போனபோது" என்றார். இரண்டுமே உண்மை, ஆனால் கேட்பவருக்கு எப்படி இருந்திருக்கும்! முறைப்பெண் என்பதை ஆங்கிலத்தில் சொல்லிப் புரியவைக்கக் கணவர் பட்ட பாட்டை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்போம்.

அவர்கள் துருவிக் கேட்பதற்கும் காரணம் உண்டு. குடிநுழைவு அனுமதிக்காகப் போலித் திருமணம் செய்வது 2012 முதல் தனிக் குற்றம்: 10 ஆண்டுவரை சிறை, 10,000 வெள்ளிவரை அபராதம், அல்லது இரண்டும். முதல்நாள் இரவு இருவரும் உட்கார்ந்து, அனுப்பிய விண்ணப்பத்தை ஒருதடவை வாசித்துவிடுங்கள். பதிலை மனப்பாடம் செய்யாதீர்கள், ஒப்பிக்கிற குரல் உடனே தெரிந்துவிடும். தேதி ஞாபகமில்லையா, ஞாபகமில்லை என்றே சொல்லுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த இரண்டு பேர் ஒரே சிக்கலை எழுதியிருந்தார்கள். பிஆர் விண்ணப்பம் நிலுவையில் இருப்பதால் நீண்டகால வருகை அனுமதி தானாக நீளாது. அதைத் தனியாகப் புதுப்பிக்க வேண்டும். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் காலாவதித் தேதி இன்னமும் ஒட்டியிருக்கிறது.