செர்பியாவின் பழைய மடாலயங்களுக்குப் போகிறீர்களா?

பெல்கிரேட் கோட்டையோடு திரும்பிவிடாதீர்கள். செர்பியாவின் பெரிய சொத்து தெற்கு மலைகளில் இருக்கும் மடாலயங்கள்தான். ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறதென்றால் ஸ்டுடெனிட்சாவைத் தேர்ந்தெடுங்கள். 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் செர்பியாவை ஆண்ட ஸ்டெஃபான் நெமன்யா கட்டியது; 1986இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அவரது கல்லறையும் இங்கேதான்.

முக்கியத் தேவாலயத்தின் வெளிச்சுவர் வெள்ளைப் பளிங்கு. உள்ளே மேற்குச் சுவரில், ஆழ்ந்த நீலப் பின்னணியில் இயேசு சிலுவையில் அறையப்பட்ட ஓவியம். 1208-09இல் வரைந்தது. அதன் முன் கொஞ்ச நேரம் நில்லுங்கள், கண் இருட்டுக்குப் பழகிய பிறகுதான் நிறங்கள் தெளிகின்றன. சிறிய பைனாகுலர் இருந்தால் உயரத்தில் இருக்கும் முகங்களையும் பார்க்கலாம். அதே வளாகத்தில் மிலுட்டின் மன்னர் 1314இல் கட்டிய குட்டித் தேவாலயத்தையும் விட்டுவிடாதீர்கள்.

இந்த மடாலயங்கள் இன்றும் வழிபாடு நடக்கும் இடங்கள். தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும், ஆண்கள் தொப்பியைக் கழற்றிவிட வேண்டும். பல இடங்களில் உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை, கேட்டுக்கொள்ளுங்கள். ஃபிளாஷ் மட்டும் எங்கும் வேண்டவே வேண்டாம், பழைய வண்ணங்கள் பாவம். மெழுகுவர்த்தி ஏற்ற இரண்டு தட்டுகள் இருக்கும்: மேல்தட்டு உயிரோடு இருப்பவர்களுக்காக, கீழ்த்தட்டு இறந்தவர்களுக்காக. பார்த்து வையுங்கள்.

அப்புறம், கையில் கொஞ்சம் தினார் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பேருந்துகள் குறைவு என்பதால், கிராலியெவோ ஊரிலிருந்து கார் எடுப்பதே வசதி.