சிங்கப்பூர்–நியூயார்க் வான்வழித் தொலைவை நாமே கணக்கிடுவது எப்படி?

சுவரில் மாட்டும் உலகப் படத்தில் நியூயார்க்கையும் சிங்கப்பூரையும் அளவுகோல் வைத்து இணைத்தால், அந்தக் கோடு அட்லாண்டிக்கைத் தாண்டி, சகாரா, அரபிக்கடல், இலங்கை என வந்து சேரும். அதே வழியில் பறந்தால் ஏறக்குறைய 18,500 கிலோமீட்டர் செல்ல வேண்டும். உருண்டையான பூமியில் மிகக் குறுகிய வழி வேறு. உலக உருண்டையின் மேல் இரு ஊர்களுக்கும் இடையே ஒரு நூலை இறுக்கிப் பிடித்தால் அது எங்கே படிகிறதோ அதுவே அந்த வழி. அதனைப் பெருவட்டப் பாதை என்பர். அதன் நீளத்தைக் கண்டறிய, சைன், கொசைன் பொத்தான்கள் உள்ள கால்குலேட்டர் ஒன்று போதும்.

முதலில் இரு விமான நிலையங்களின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் தசம எண்ணாக எழுதிக்கொள்ள வேண்டும். நியூயார்க்கின் கென்னடி விமான நிலையம் வடக்கே 40 பாகை (டிகிரி) 38 கலை (பாகையின் 60-இல் ஒரு பங்கு) 23 விகலையில் (கலையின் 60-இல் ஒரு பங்கு) உள்ளது. கலையை 60 ஆலும் விகலையை 3600 ஆலும் வகுத்துக் கூட்டினால் 40.640 கிடைக்கும். அதன் தீர்க்கரேகை மேற்கே 73.779. சிங்கப்பூரின் சாங்கி, வடக்கே 1.359, கிழக்கே 103.989. தெற்கிற்கும் மேற்கிற்கும் கழித்தல் குறி இட வேண்டும். அதை மறந்தால் நியூயார்க் கிர்கிஸ்தான் மலைகளுக்குள் போய் உட்கார்ந்துவிடும். விடையும் பாதிக்கும் கீழே சரிந்துவிடும்.

அடுத்து, கால்குலேட்டர் ரேடியன் என்ற வேறொரு கோண அலகில் அல்லாமல் பாகையில் இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கொசைன் 60 என்று தட்டினால் 0.5 வர வேண்டும். தொடக்கநிலையில் வரும் பிழைகளில் பெரும்பாலானவை இங்கேதான் நேர்கின்றன என்பது என் அனுபவம்.

இனிக் கணக்கு. இரு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்கினால் 0.01545. அவற்றின் கொசைன்களைப் பெருக்கி, வரும் விடையைத் தீர்க்கரேகை வேறுபாடான 177.768 பாகையின் கொசைனாலும் பெருக்கினால் −0.75803. இரண்டையும் கூட்டக் கிடைப்பது −0.74258. இதற்கு நேர்மாறு கொசைன் எடுத்தால் 137.95 பாகை, இதுவே பூமியின் மையத்திலிருந்து பார்க்கையில் இரு ஊர்களுக்கும் இடையிலுள்ள கோணம். பூமியின் சராசரி ஆரம் 6,371 கிலோமீட்டர் என்பதால் ஒரு பாகைக்கு 111.195 கிலோமீட்டர் வருகிறது. பெருக்கினால் ஏறக்குறைய 15,340 கிலோமீட்டர்.

இந்த இணைக்கு மட்டும் ஓர் அழகான சரிபார்ப்பு உண்டு. தீர்க்கரேகை வேறுபாடு கிட்டத்தட்ட 180 பாகையாக இருப்பதால், பெருவட்டப் பாதை வட துருவத்திலிருந்து 300 கிலோமீட்டருக்குள் செல்கிறது. ஆகவே நியூயார்க்கிலிருந்து துருவம் வரை 49.36 பாகை, அங்கிருந்து சிங்கப்பூர் வரை 88.64 பாகை என்று கூட்டினாலே 138 பாகை வந்துவிடுகிறது, சூத்திரமே தேவையில்லை.

பொதுவாக வெளியிடப்படும் அளவு 15,349 கிலோமீட்டர். பூமி துருவங்களில் சற்றே தட்டையாக இருப்பதை நம் கணக்கு பொருட்படுத்தாததால் இந்தச் சிறு வேறுபாடு எழுகிறது. விமானம் உண்மையில் பறக்கும் தொலைவு இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். மேலடுக்குக் காற்றோட்டம் சாதகமாக இருந்தால், பசிபிக் வழியே சுற்றிச் செல்வதுகூட நேரத்தையும் எரிபொருளையும் மிச்சப்படுத்தும்.