ஃபிரிட்ஜில் வைத்த ஒட்டுண்ணி அட்டை: கட்டும் முன் ஒரு சோதனை

கரும்பின் தண்டைத் துளைக்கும் இடைக்கணுப் புழுவுக்காக டிரைக்கோகிரம்மா அட்டை வாங்கி வருகிறீர்கள். டிரைக்கோகிரம்மா, பூச்சி முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அதை அழிக்கும் சிறு ஒட்டுண்ணிக் குளவி. அன்றே மழை பிடித்துக்கொள்கிறது. அட்டை ஃபிரிட்ஜுக்குப் போகிறது. பத்து நாள் கழித்துக் கட்டினால் பலிக்குமா? பார்த்தால் தெரியாது. முட்டைகள் அன்றும் கறுப்பு, இன்றும் கறுப்பு.

1. அட்டையில் ஒட்டியிருப்பவை நெல் அந்துப்பூச்சியின் முட்டைகள். ஒட்டுண்ணி தாக்கிய மூன்று நான்கு நாட்களில் அவை கறுக்கும். குளிரில் வைக்க ஏற்ற பருவம் அதுதான்.

2. வைப்பதற்கு முன் சிறு துண்டு ஒன்றை வெட்டி, கண்ணாடிக் குழாயில் போட்டு, வாயைத் துணியால் கட்டி நிழலில் வையுங்கள். பலரும் விட்டுவிடும் வேலை இது. ஆனால் ஒப்பிட வேறு அளவுகோல் கிடையாது.

3. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கட்டும். வீட்டு ஃபிரிட்ஜின் தட்டுகள் பெரும்பாலும் இதைவிடக் குளிரானவை. வெப்பமானி வைத்து இடம் தேடுங்கள். நான் ஒருமுறை பனிக்கட்டித் தட்டுக்கு அடியில் வைத்தேன். ஒரு குளவிகூட வரவில்லை. குளிர் வளர்ச்சியைத்தான் தாமதப்படுத்தும். உள்ளே கூட்டுப்புழு, சேர்த்துவைத்த கொழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்துக்கொண்டே இருக்கும். நாள் கூடக் கூட, முட்டையோட்டைக் கடித்து வெளிவரவும் சிறகு விரிக்கவும் தெம்பு குறையும். மூன்று வாரம் வரை வைக்கலாம் என்பார்கள். பத்து நாளைத் தாண்ட எனக்கு மனம் வராது.

4. வயலில் கட்டுவதற்கு நான்கைந்து நாள் முன்பே ஒரு துண்டை மட்டும் வெளியே எடுங்கள். பாலித்தீன் உறையை உடனே பிரிக்காதீர்கள். அட்டையில் நீர் கோத்துக்கொள்ளும். அரை மில்லிமீட்டர் குளவிக்கு ஒரு துளியே குளம். குளிர் விட்டதும் பிரித்து, இந்தத் துண்டையும் இன்னொரு குழாயில் அதேபோல வையுங்கள்.

5. குளவிகள் வந்து ஓய்ந்ததும், லென்ஸ் வைத்து இரண்டு துண்டுகளிலும் நூறு நூறு கறுப்பு முட்டைகளைப் பாருங்கள். வட்டத் துளை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது. வெளியில் வைத்ததில் 90, குளிரில் வைத்ததில் 60 என்றால் ஒன்றரை மடங்கு அட்டை கட்ட வேண்டும்.

6. எண்ணிக்கையோடு நிறுத்திவிடாதீர்கள். குழாயின் அடிப்பகுதியைக் கறுப்புத் தாளால் சுற்றி, மேல்பக்கம் வெளிச்சம் படும்படி நிறுத்துங்கள். நல்ல குளவிகள் வெளிச்சத்தை நாடி மேலேறும். அடியில் தங்குபவற்றின் சிறகைப் பாருங்கள். சுருங்கிய சிறகுகள் நிறையத் தெரிந்தால் கூடுதல் அட்டையும் உதவாது. அந்தக் குளவிகளால் கரும்பில் முட்டையைத் தேடிப் போக முடியாது. புதிய அட்டைக்குச் சொல்லிவிடுங்கள்.