பழுப்பு ஈப்பிடிப்பான்களில் எது எது? நிறத்தைக் கடைசியில் பாருங்கள்

வால்பாறைப் பக்கம் அக்டோபர் பிறந்ததும் தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய காடுகளில் ஈப்பிடிப்பான்கள் என்கிற சின்னச் சின்னப் பழுப்புக் குருவிகள் வலசை வந்துவிடும். என்னோடு பறவை பார்க்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எல்லாம் ஒரே மாதிரி இருக்கே சார்?" இருக்கத்தான் செய்யும். காட்டு நிழலில் நிறம் ஏமாற்றும். பைனாகுலரைத் தூக்குமுன் இரண்டைக் கவனியுங்கள்: எவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது, வாலை என்ன செய்கிறது.

தலைக்கு மேலே, இலையில்லாத கிளையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் ஆசியப் பழுப்பு ஈப்பிடிப்பானாக இருக்கலாம். பாய்ந்து பூச்சியைப் பிடித்துவிட்டு, பல சமயம் அதே கிளைக்குத் திரும்பும். பறந்துவிட்டதே என்று பின்னால் ஓடாதீர்கள், கிளையைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். கீழேயிருந்து பார்ப்பதால் அலகின் அடிப்பக்கம் நன்றாகத் தெரியும்: முகத்தை ஒட்டி மஞ்சள், நுனியில் கருமை. கால் கருப்பு. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம்.

ஓடைக்கரைப் புதருக்குள், இடுப்பளவு உயரத்தில், இருட்டோடு இருட்டாக ஒன்று உட்கார்ந்திருக்கிறதா? பழுப்புமார்பு ஈப்பிடிப்பானைச் சந்தேகப்படுங்கள். அதிகாலையும் பொழுது சாயும் நேரமும்தான் இதற்குச் சுறுசுறுப்பு. இங்கே பார்க்க வேண்டியது கால். வெளிறிய சதை நிறத்தில் இருக்கும். கீழ் அலகு முழுக்க மஞ்சள். தொண்டை வெள்ளை, அதன் ஓரத்தில் ஒரு கருங்கோடு. வடகிழக்கு இந்தியாவில் கூடுகட்டி, குளிர்காலத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இலங்கைக்கும் வருகிற பறவை இது. 1854இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்த பறவை ஆய்வாளர் லேயார்ட், யாழ்ப்பாணத்தில் தனக்கு இதைக் கொண்டுவந்து கொடுத்த பணியாளர் முத்துவின் பெயரையே சூட்டினார்: மஸ்கிகாப்பா முட்டூய். அதனாலேயோ என்னவோ, எனக்கு இதன்மேல் கொஞ்சம் கூடுதல் பாசம்.

வாலில் செம்மை தெரிந்ததும் பலர் "செம்பழுப்புவால்!" என்று கத்திவிடுகிறார்கள். பொறுங்கள். பழுப்புமார்புக்கும் வாலில் லேசான செம்மை உண்டு. முகத்துக்குத் திரும்புங்கள். செம்பழுப்புவால் ஈப்பிடிப்பானின் முகம் வெறுமையாக இருக்கும், தொண்டையோரக் கோடு எடுத்துத் தெரியாது. புதரைவிட மரத்தின் மேல்பகுதியில்தான் அதிகம் தென்படும்.

செம்மார்பு ஈப்பிடிப்பானின் பெட்டைக்கும் இளம் பறவைக்கும் மார்பில் சிவப்பே கிடையாது. கவலை வேண்டாம், வால் காட்டிக்கொடுத்துவிடும். வெடுக்கென்று மேலே தூக்கும்; கருப்பு வால் உடலோடு சேரும் இடத்தில் இருபுறமும் வெள்ளை. கூடவே "ட்ர்ர்ர்" என்று ஒரு சத்தம். இதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.

படம் எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மார்பு பளபளக்கும் படத்தை அனுப்பிப் பெயர் கேட்காதீர்கள். கலங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, காலும் கீழ் அலகும் தெரிகிற படம் ஒன்று போதும். எந்த உயரத்தில் இருந்தது என்றும் ஒரு வரி எழுதுங்கள்.