மேசைக் காலுக்கு அண்டைக் கொடுத்த விதிமுறைத் தாள்

பொருட்காட்சித் திடலில் கடை போட இடம் ஒதுக்கியதும் கையில் ஒரு தாளைத் திணிப்பார்கள். பொடி எழுத்தில் இரண்டு பக்கம், பாதிக்கு மேல் 'கூடாது' என்று முடியும் வரிகள். கையெழுத்துப் போட்ட பிறகு அந்தத் தாள் என்ன ஆகிறது என்பதை உதவி மையத்தில் தன்னார்வலராக உட்கார்ந்திருந்தபோது ஒருமுறை பார்த்தேன். ஆடுகிற மேசைக் காலுக்கு அடியில் எட்டாக மடித்து அண்டைக் கொடுத்திருந்தார் ஒரு கடைக்காரர். அவரையும் குறை சொல்ல முடியாது. நான் முதன்முதலில் கடை போட்டபோது அந்தத் தாளை அந்த அளவுக்குக்கூடப் பயன்படுத்தவில்லை.

பார்வையாளர்கள் கதையும் இதேதான். நுழைவாயிலில் ஆளுயரப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். அதற்கு முன்னால் நின்று ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவோம்.

ஒரு ஊரின் தெருக்கள், சாக்கடை, மின் இணைப்பு, சுவர்கள் எல்லாம் பல பத்தாண்டுகள் அடிபட்டுத் திருத்தப்பட்டு இன்றைய நிலைக்கு வந்தவை. பொருட்காட்சித் திடலில் அவை அத்தனையும் மூன்று நாளில் முளைக்கின்றன. சுவர் என்பது துணி, தரை என்பது மண், மின்சாரம் ஓடுவது காலடியில் கிடக்கும் வயரில். ஊரில் கட்டடமே பார்த்துக்கொள்கிற பாதுகாப்பை இங்கே மனிதர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தத் தாளில் இருக்கும் 'கூடாது'களை இந்தக் கண்ணோடு படித்தால், எது சின்னத் தவறு, எது பெரிய தவறு என்ற கணக்கே மாறிவிடும்.

ஓர் அடிதானே!

கடைக்காரர்கள் செய்யும் தவறுகளில் நான் முதலிடம் கொடுப்பது கடையை முன்னால் தள்ளுவதற்குத்தான். தீ விபத்தைவிட இதற்கா முதலிடம் என்று கேட்கலாம். தீப்பிடித்தால் தப்பி ஓடும் வழியை அடைப்பது இதுதான், அதனால்தான்.

ஒருவர் பொம்மைகளை அடுக்க ஒரு ஸ்டூலை வெளியே போடுவார். அது மறைக்கிறது என்று பக்கத்துக் கடைக்காரர் தன் மேசையை இழுத்துப் போடுவார். மூன்றாமவர் தலைக்கு மேலே ஒரு கொடிக்கயிறு கட்டித் துணிகளைத் தொங்கவிடுவார். சாயங்காலத்துக்குள் 6 மீட்டர் பாதை 4 மீட்டர் ஆகிவிடும். அதில் என்ன நஷ்டம்? சமதரையில் ஒரு மீட்டர் அகலப் பாதை வழியாக ஒரு நிமிடத்தில் சுமார் 80 பேர் வெளியேறலாம் என்பது கூட்ட மேலாண்மையில் பரவலாக வைத்துக்கொள்ளும் கணக்கு. 10,000 பேர் வெளியேற 6 மீட்டர் பாதையில் ஏறக்குறைய 21 நிமிடம் ஆகும். 4 மீட்டர் ஆகிவிட்டால் 31 நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தை யாரும் திட்டம் போட்டுத் திருடவில்லை, ஆளுக்கு ஓர் அடிதான் எடுத்தார்கள். தீயணைப்பு வண்டியின் அகலமே 2.5 மீட்டர் இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைக்குப் பின்னால் இருக்கும் சந்தும் அப்படித்தான். காலியாகக் கிடக்கிறதே என்று அட்டைப் பெட்டிகளை அடுக்குவோம். இரண்டு வரிசைக் கடைகளுக்கு நடுவே ஆள் போகவும் தீ தாவாமல் இருக்கவும் விட்ட இடைவெளி அது. அங்கே அட்டைப் பெட்டி வைப்பதும் விறகு அடுக்குவதும் ஒன்றுதான்.

பார்வையாளர் பக்கம் வருவோம். ஒரு சதுர மீட்டரில் இரண்டு பேர் இருந்தால் தாராளமாக நகரலாம். நான்கு பேர் ஆனால் இஷ்டத்துக்கு நடக்க முடியாது. ஆறேழு பேர் ஆகிவிட்டால் கூட்டம் அலை போல அசையத் தொடங்கும், காலை எங்கே ஊன்றுவது என்பது நம் கையில் இருக்காது. நெரிசலில் இறப்பவர்கள் எல்லாம் மிதிபட்டு இறப்பதில்லை. நின்ற நிலையிலேயே நெஞ்சு அழுந்தி மூச்சு விட முடியாமல் இறப்பவர்கள் ஏராளம். 2010-ல் ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரில் நடந்த 'லவ் பரேட்' இசை விழாவில், உள்ளே வருகிறவர்களும் வெளியே போகிறவர்களும் ஒரே சாய்தளத்தில் எதிரெதிரே சிக்கிக்கொண்டார்கள். 21 பேர் இறந்தார்கள்.

அதனால்தான் வெளியேறும் வழியாக உள்ளே நுழைவது வெறும் ஒழுங்கு மீறல் இல்லை. வாசலிலேயே நின்றுகொண்டு மீதிப் பேரும் வரட்டும் என்று காத்திருப்பதும் தவறுதான். குடும்பம் சேர வேண்டிய இடம் வாசலைத் தாண்டி இருபது அடி தள்ளி இருக்கட்டும். நெரிசலில் செருப்போ போனோ விழுந்தால் குனியாதீர்கள், போகட்டும். மாட்டிக்கொண்டால் இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் குத்துச்சண்டை வீரர் மாதிரி மடக்கி வைத்துக்கொண்டு, மூச்சு விட இடம் உண்டாக்கிக்கொள்ளுங்கள். கூட்டத்தை எதிர்த்துத் தள்ளாமல், அலை ஓயும் நேரம் பார்த்துச் சாய்வாக ஓரத்துக்கு நகருங்கள். முன்னால் இருப்பவர் ஏன் நகரவில்லை என்று பின்னால் நிற்பவருக்குத் தெரியாது. அவர் கொஞ்சம் தள்ளினாலும் அந்தப் பாரம் போய்ச் சேர்வது தடுப்புக் கம்பியில் சாய்ந்து நிற்பவரின் நெஞ்சில்.

வயர், ஜெனரேட்டர், சிலிண்டர்

'ஒரு பாயிண்ட்தான் கொடுத்தார்கள், என்ன செய்வது?' என்ற புலம்பலை எல்லாத் திடலிலும் கேட்கலாம். அந்த ஒரு பாயிண்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதில் இன்னொன்று, அதற்கு மேல் விளக்கு, மிக்ஸி, தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டில் எல்லாம் ஏறும். 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் சாக்கெட் தாங்குவது சுமார் 1,380 வாட். கெட்டில் மட்டுமே 2,000 வாட் இழுக்கக்கூடியது. கடை எடுப்பதற்கு முன்பே என்னென்ன சாதனம், எத்தனை வாட் என்று எழுதிக் கொடுங்கள். கேட்கவில்லை என்றாலும் கொடுங்கள்.

அதிகம் பேருக்குத் தெரியாத தவறு ஒன்று உண்டு: வயர் சுருளை முழுதாகப் பிரிக்காமல் பயன்படுத்துவது. தேவை பத்து மீட்டர்தான், மீதி சுருளிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிடுவோம். மின்சாரம் ஓடும்போது வயர் சூடாகும். விரித்துப் போட்டால் அந்தச் சூடு காற்றில் போய்விடும். சுருளில் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும் சுற்றுகளுக்குப் போக வழியில்லை, மேலுறை உருகத் தொடங்கும். மேசைத் துணியின் மறைவில் இது நடந்தால் வாசனை வரும்வரை யாருக்கும் தெரியாது.

இதைவிட மோசம், மின்கசிவுப் பாதுகாப்பு பிரேக்கர் அடிக்கடி விழுகிறது என்று அதைத் தாண்டி நேராக இணைப்புக் கொடுப்பது. ஆளைக் காப்பாற்ற வைக்கும் அந்தச் சாதனம் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழும்படி அமைந்திருக்கும். திடலில் அது அடிக்கடி விழுந்தால், எங்கோ ஒரு ஒட்டுப்போட்ட வயர் ஈரத்தில் கிடக்கிறது என்று அர்த்தம். அதைத் தேடிப் பிடிக்காமல் பிரேக்கரைத் தாண்டினால் அடுத்து அந்த ஈரத்தில் கால் வைப்பவர் கதி என்ன? இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்பு வீட்டுக்குள் எப்படியோ ஓடிவிடும். நூறு பேர் மிதித்து, தண்ணீர் தெளித்து, தள்ளுவண்டி ஏறி இறங்கும் தரையில் ஓடாது.

ஜெனரேட்டரை மழைக்குப் பயந்து கூடாரத்துக்குள் இழுத்துப் போடுவார்கள். அது கக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்காமலே போகலாம். கூடாரங்களிலிருந்து தள்ளி, புகை ஆட்கள் பக்கம் வராதபடி வைப்பதுதான் சரி. எரிபொருள் ஊற்றுவது அணைத்து ஆறிய பிறகே.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போய்க் கலைந்துவிடாது, தரையோடு பரவிப் பள்ளத்தில் தேங்கும். மூன்று பக்கமும் தார்ப்பாயைத் தரைவரை இறக்கிக் கட்டிய கடை, அதற்கு ஒரு தொட்டி மாதிரி. கீழே காற்றோட்டத்துக்கு இடம் விடுங்கள், சிலிண்டரைப் படுக்க வைக்காதீர்கள், ரெகுலேட்டரிலும் டியூபிலும் தினமும் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். தீக்குச்சி கொளுத்திச் சோதிக்கிற வீரர்களை நானே பார்த்திருக்கிறேன், அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய் நொடியில் ஆவியாகும், ஆவியானால் சுமார் 1,700 மடங்கு விரியும், எரியும் எண்ணெயைக் கூரைவரை வாரி இறைக்கும். அடுப்பை அணைத்துச் சட்டியை மூடுங்கள். அதற்கான மூடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய நேரம் அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பு.

காற்றும் இடியும்

கூடாரக் கயிறு தடுக்குகிறது என்று பகலில் அவிழ்த்து விடுவதும், முளையடிக்காமல் ஒரு தண்ணீர்க் கேனைக் கட்டி வைத்துச் சமாளிப்பதும் அன்றாடக் காட்சி. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது கொடுக்கும் அழுத்தம் நான்கு மடங்காகும். நேற்றுத் தாங்கியது என்பது இன்றைக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. 2011-ல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலப் பொருட்காட்சியில் சூறைக்காற்றில் மேடைக் கூரை சரிந்து 7 பேர் இறந்தார்கள். அப்போது நிகழ்ச்சி ரத்தாகியிருக்கவில்லை, கூட்டம் மேடைக்கு முன்னாலேயே இருந்தது.

இடிச் சத்தம் காதில் விழுந்துவிட்டால் மின்னல் நம்மைத் தொடும் தூரத்தில் இருக்கிறோம் என்று அர்த்தம். பார்வையாளர்கள் அப்போது செய்யும் தவறு கூடாரத்துக்குள்ளோ மரத்தடியிலோ ஒதுங்குவது. மழைக்கு அது போதும், மின்னலுக்குப் போதாது. கட்டடம் வேண்டும், இல்லாவிட்டால் மேலே மூடிய கார் அல்லது பஸ். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆனபிறகு வெளியே வரலாம்.

சாப்பாட்டுக் கடைகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், பலரும் எழுதியதுதான். சமைத்ததை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக வைக்கவேண்டும், இல்லையென்றால் 5 டிகிரிக்குக் கீழே குளிரில். இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக்கூடாது. காசு வாங்கிய கையால் பரிமாறக்கூடாது. எல்லாரும் கோட்டைவிடுவது தண்ணீரிலும் ஐஸிலும்தான். 1999-ல் நியூயார்க் மாநிலத்தின் வாஷிங்டன் கவுண்டி பொருட்காட்சியில் குளோரின் கலக்காத கிணற்றுத் தண்ணீரால் நூற்றுக்கணக்கானவர்கள் நோயில் விழுந்தார்கள், இருவர் இறந்தார்கள். நோய்க்குக் காரணமான கிருமிகளில் ஒன்று ஈ. கோலை. அதே கிருமி கால்நடைகளின் சாணத்திலும் இருக்கக்கூடியது. ஆடு மாடுகளைத் தொட்டுப் பார்த்த குழந்தை கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் தின்பண்டத்தைத் தொடக்கூடாது. சானிடைசர் அதற்கு ஈடாகாது.

ராட்டினத்தில் ஏறும் முன்

குழந்தையின் உயரம் குறைகிறது என்று திருப்பி அனுப்பினால் பெற்றோருக்குக் கோபம் வரும். 'ஏழு வயசாச்சு சார்' என்பார்கள். வயது இங்கே பேச்சே இல்லை. குறுக்குக் கம்பி தொடையில் அழுந்தி நிற்குமா, இல்லை கீழே வழுக்கிவிடுமா என்பதுதான் கேள்வி. தடித்த செருப்பு மாட்டி, குதிகாலை எக்கி அளவுக் கோட்டைத் தொடவைப்பது காவலாளியை ஏமாற்றலாம், கம்பியை ஏமாற்றாது. சுழலும் ராட்டினத்தில் பெரியவரும் சிறுவரும் சேர்ந்து உட்கார்ந்தால் பெரியவர் வெளிப்பக்கம் உட்காரவேண்டும். சுழற்சி எல்லாரையும் வெளிப்பக்கமாகத் தள்ளும். குழந்தை வெளிப்பக்கம் இருந்தால் நம் முழுப் பாரமும் அதன்மேல்.

துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டைக் கயிறு எல்லாவற்றையும் அடக்கி வையுங்கள். 20 மீட்டர் உயரத்திலிருந்து நழுவும் போன் தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 70 கிலோமீட்டர். கீழே வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள். நடுவில் ராட்டினம் நின்றுவிட்டால் கம்பியைத் தூக்கிவிட்டு இறங்கப் பார்க்காதீர்கள். அது எப்போது வேண்டுமானாலும் திரும்ப ஓடலாம்.

குழந்தை தொலைந்துபோவது உதவி மையத்தின் அன்றாட வேலை. உள்ளே நுழையும்போதே அன்றைய உடையோடு ஒரு படம் எடுத்துக்கொண்டால் தேடுவது பாதியாகக் குறையும். பதற்றத்தில் சட்டை என்ன நிறம் என்பதுகூட மறந்துவிடுகிறது. போன் எண்ணை மணிக்கட்டின் உள்பக்கம் எழுதுங்கள். பெயரை வெளியே தெரியும்படி எழுதாதீர்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுகிற யாரையும் குழந்தை நம்பிவிடும். வழிதவறிய குழந்தை கடைக்கு வந்தால், கையைப் பிடித்துக்கொண்டு பெற்றோரைத் தேடிக் கிளம்பும் நல்ல மனசுக்காரர்கள் உண்டு. தயவுசெய்து கிளம்பாதீர்கள். குழந்தையைக் கடைசியாகப் பார்த்த இடத்துக்குத்தான் பெற்றோர் ஓடிவருவார்கள். அங்கேயே இருந்து உதவி மையத்துக்குத் தகவல் சொல்லி அனுப்புங்கள். மைக்கில் அறிவிக்கும்போது குழந்தையின் பெயர், உடை எல்லாவற்றையும் ஒப்பிக்கக்கூடாது. அழைத்துப்போக வருகிறவர் அந்த அடையாளத்தைத் தன் வாயால் சொல்லட்டும்.

அப்புறம், கடைசி நாள். பத்து மணிக்குத்தான் முடிவு என்றாலும் ஒன்பது மணிக்கே சாமான் ஏற்ற வண்டி உள்ளே வந்துவிடும். இருட்டில், ஜனங்கள் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கும்போது, பின்னோக்கி வரும் லாரி. கடைசி ஆள் வெளியே போய்விட்டார் என்று அமைப்பாளர் சொல்லும்வரை வண்டி வாசலுக்கு வெளியே நிற்கட்டும். பழைய எண்ணெயைப் புல்லில் ஊற்றாமல் டின்னில் அடைத்து எடுத்துப் போங்கள். முளை பிடுங்கிய குழிகளை மண் போட்டு மிதித்துவிட்டுக் கிளம்புங்கள், காலையில் பையன்கள் பந்து விளையாட வந்துவிடுவார்கள்.