கீசரை மாற்றச் சொன்னார்கள், நான் எலிமென்டை மட்டும் மாற்றினேன்

சென்னையில் எங்கள் வீட்டு 15 லிட்டர் கீசருக்கு எட்டு வயது. போன மாதம் சுவிட்சைப் போட்டாலே ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடும் பாதுகாப்பு சுவிட்ச்) டிரிப் ஆகி வீடு முழுக்க கரண்ட் போய்விடும். பார்க்க வந்தவர் மூடியைக்கூடத் திறக்காமல் "புதுசு வாங்கிடுங்க சார்" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

மெயினை அணைத்து, ஒயரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தேன். 2000 வாட் எலிமென்ட் (தண்ணீரைச் சுடவைக்கும் பாகம்) என்றால் இரு முனைக்கும் நடுவே சுமார் 26 ஓம் காட்ட வேண்டும், காட்டியது, ஆனால் முனைக்கும் பாடிக்கும் நடுவிலும் ரீடிங் வந்தது, அதாவது கரண்ட் பாடிக்குக் கசிகிறது, அங்கேதான் கோளாறு. தண்ணீரை வடித்து எலிமென்டை உருவினால் போர் தண்ணீர் உப்பு முட்டை ஓடு மாதிரி அப்பிக் கிடக்கிறது, ஒரு இடத்தில் உறையே வெடித்திருக்கிறது. மெக்னீசியம் ஆனோடு கரைந்து வெறும் கம்பிதான் மிச்சம் (டேங்க் துருப்பிடிக்காமல் இருக்க தான் கரைவதுதான் அதன் வேலை, இதை யாரும் சொல்வதே இல்லை).

டார்ச் அடித்துப் பார்த்தேன், டேங்க் நன்றாக இருந்தது. அது ஓட்டையாகியிருந்தால் பேச்சே இல்லை, புதுசுதான். எலிமென்ட், ஆனோடு, கேஸ்கட் மூன்றையும் மாற்றினேன். அப்புறம் வெந்நீர்க் குழாயில் தண்ணீர் வரும்வரை டேங்கை நிரப்பிவிட்டுத்தான் சுவிட்சைப் போட்டேன், காலி டேங்கில் போட்டால் புது எலிமென்டும் போய்விடும். இப்போது டிரிப் ஆவதில்லை.