ஒரு பழைய புகைப்படத்தை வைத்து அமெரிக்க வரலாறு நடத்துவது எப்படி?

என் மகனுக்கும் அவனுடைய நண்பர்கள் நால்வருக்கும் சனிக்கிழமைதோறும் அமெரிக்க வரலாறு சொல்லித்தருகிறேன். ஆலைகளில் வேலை செய்த சிறுவர்களைப் பற்றிய பாடத்தில் நான் தடுமாறி, பிறகு கண்டுகொண்ட வழி இது.

படி 1: அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் தளத்துக்குச் செல்லுங்கள். லூயிஸ் ஹைன் என்ற புகைப்படக்காரர் 1908 முதல், சிறுவர்களை வேலைக்கு வைப்பதை எதிர்த்த தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக எடுத்த 5,000-க்கும் மேற்பட்ட படங்கள் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. 'குழந்தைத் தொழிலாளர்' என்று ஆங்கிலத்தில் பொதுவாகத் தேடினால் படங்கள் வந்து குவியும். அதனால் அந்தக் காலத்து வேலைப் பெயர்களை ஆங்கிலத்தில் இட்டுத் தேடுங்கள்: டாஃபர் (நூல் நிறைந்த பாபினைக் கழற்றி வெறும் பாபினை மாட்டும் சிறுவன்), ஸ்பின்னர் (நூற்பு இயந்திரத்தில் வேலை செய்பவர்), நியூஸ்பாய் (செய்தித்தாள் விற்கும் சிறுவன்).

படி 2: ஒரே ஒரு படம் போதும். நான் எடுத்துக்கொண்டது தென் கரோலினாவின் லங்காஸ்டர் பருத்தி ஆலையில் 1908 நவம்பர் 30 அன்று எடுத்த படம். நூற்பு இயந்திர வரிசையின் அருகே ஒரு சிறுமி நிற்கிறாள்.

படி 3: படக்குறிப்பை மறைத்துவிடுங்கள். நான் சறுக்கியது இங்கேதான். முதல் முறை பக்கத்தை அப்படியே திரையில் காட்டினேன். பிள்ளைகள் குறிப்பை வாசித்தார்கள், "புரிந்தது" என்றார்கள், ஐந்து நிமிடத்தில் பாடம் முடிந்துவிட்டது. படத்தை ஒருவரும் பார்க்கவே இல்லை. இப்போது படத்தை மட்டும் சேமித்துக்கொண்டு, குறிப்பைத் தனித்தாளில் எழுதி வைத்துக்கொள்கிறேன். என்ன தெரிகிறது, அதிலிருந்து என்ன நினைக்கிறீர்கள், இன்னும் என்ன தெரிய வேண்டும் என்ற மூன்றையும் இதே வரிசையில் கேளுங்கள். பதில் வரும்வரை நீங்கள் வாய் திறக்காதீர்கள்.

படி 4: இப்போது குறிப்பைக் கொடுங்கள். சிறுமியின் உயரம் 48 அங்குலம், வேலைக்கு வந்து அரை ஆண்டு ஆகிறது என்று அதில் இருக்கிறது. சுவரில் 48 அங்குலம் அளந்து பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அந்தக் கோடு மகனின் தோளுக்கும் கீழே நின்றது. அதன் பிறகு சில நிமிடங்கள் யாருமே பேசவில்லை. ஹைன் தம் கோட்டுப் பொத்தான்களை அடையாளமாக வைத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் பிள்ளைகளின் உயரத்தை அளந்தார் என்பதை அப்போது சொல்லுங்கள்.

பொதுத் தேடுபொறியில் படம் எடுக்காதீர்கள். பிற்காலத்தில் வண்ணமேற்றிய நகல்கள்தான் அதிகம் அகப்படும். அந்த நிறங்கள் யாரோ செய்த ஊகம், குறிப்பும் கூடவே வராது.

பின்சேர்க்கை: கோப்பு திறக்கவில்லை என்று இருவர் எழுதியிருந்தார்கள். பெரிய டிஃப் கோப்பை விட்டுவிட்டு ஜேபெக் கோப்பை இறக்குங்கள்.

"சட்டம் வரவில்லையா என்று மாணவர்கள் கேட்கிறார்களே?" என்றும் ஒருவர் கேட்டிருந்தார். வந்தது. 1916-இல் இயற்றிய சட்டத்தை 1918-இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் செல்லாது என்றது. நிலைத்து நின்ற சட்டம் 1938-இல்தான் வந்தது. 1918 வழக்கைத் தொடுத்தவர், வட கரோலினா ஆலையில் தம் இரு மகன்களும் தொடர்ந்து வேலை செய்ய வேண்டும் என்று கேட்ட ஒரு தந்தை. அவர் ஏன் அப்படிக் கேட்டிருப்பார் என்பதை அடுத்த வகுப்புக்கு வையுங்கள். தீர்ப்பின் முழு வாசகமும் அதே நூலகத் தளத்தில் இருக்கிறது.